கல்லைக் கண்டார்கள், மானைக் காணோம்

பனியில் ரத்தம் அவ்வளவு சிவப்பாகத் தெரியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பக்கம். ஒரு ஜனவரி மாதம். அக்கா மகன் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர், "நாளைக்கு மான் வேட்டைக்குப் போறேன். சும்மா கூட வந்து வேடிக்கை பாருங்களேன்" என்றார். இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 67 வயது. தங்கமான மனிதர். எனக்கு வேட்டையில் விருப்பமில்லை. ஆனால் அவர் கையில் இருந்த துப்பாக்கி என்னை இழுத்தது.

நாலடி நீளத்துக்கு மேல் இருந்தது. வழவழவென்று மேப்பிள் மரக்கட்டை, அங்கங்கே பித்தளைப் பட்டயம். தோட்டாவெல்லாம் கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டை வைத்து, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். "மாமா, நம்ம ஊர் நரிக்குறவர் துப்பாக்கி மாதிரியே இருக்கே!" என்றான் அக்கா மகன். கிட்டத்தட்ட அதே வம்சம்தான். ஆனால் இது அதற்கும் மூத்த தலைமுறை. நெருப்பை உண்டாக்குவது சிக்கிமுக்கிக் கல்.

விசையை இழுத்தால், கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை முன்னால் பாய்கிறது. கல் ஓர் எஃகுத் தகட்டை உரசிக்கொண்டு கீழிறங்குகிறது. உரசலில் எஃகின் துணுக்குகள் சீவப்பட்டுப் பொறியாகப் பறக்கின்றன. தகட்டுக்குக் கீழே சின்னக் கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை நயமான கரிமருந்து. அது பற்றி எரியும் ஜுவாலை, குழாயின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. அந்த ஓட்டைக்குத் தமிழில் 'பற்றுவாய்' என்று அழகான பெயர் உண்டு. இத்தனையும் ஒழுங்காக நடந்தால் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

அன்றைக்கு ஒழுங்காக நடக்கவில்லை.

பெட்டை மான் ஒன்று, எண்பது கெஜத்தில், எங்களைப் பார்க்காமல் நின்றது. அவர் குறி பார்த்தார். க்ளிக். ஒன்றும் ஆகவில்லை. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது, ஓடவில்லை. மறுபடி குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். க்ளிக்... புஸ்ஸ்ஸ்... என்று கிண்ணத்தில் புகை கிளம்பியது. இதுவும் போச்சு என்று அவர் துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்திய நொடியில், டும்!

மான் முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. அவர் முகம் செத்துவிட்டது. "வயித்துல பட்டுருச்சு" என்றார்.

நாலு மணி நேரம் அந்த ரத்தத்தைத் தொடர்ந்தோம். சொட்டுச் சொட்டாக ரத்தம். நடுநடுவே பச்சையாகக் குடலில் இருந்தது. இரண்டு இடத்தில் படுத்து எழுந்த தடம். மூன்றாவது தடத்தைப் பார்ப்பதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. இருட்டியும் விட்டது. மறுநாள் காலையிலும் போய்த் தேடினோம். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. வயிற்றில் குண்டு பட்ட மான் உடனே சாகாது. மணிக்கணக்கில் சாகும்.

இந்தக் கட்டுரை அந்த மானுக்காக.

'வேட்டையே காட்டுமிராண்டித்தனம், இதில் துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று ஆராய்ச்சி வேறா?' என்று சிலர் இப்போதே கடிதம் எழுத உட்கார்ந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் முதலில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டது. அது சரியான சட்டம். நம் காட்டில் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. மானைக் கட்டுப்படுத்த மனிதன் வேண்டியதில்லை. பென்சில்வேனியா கதை வேறு. அங்கே ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒழித்துக் கட்டினார்கள். மானையும் விட்டுவைக்கவில்லை. கணக்கு வழக்கில்லாமல் சுட்டுத் தள்ளி, வெளிமாநிலத்திலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட வேண்டிய நிலைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து நின்றார்கள். 1895இல் அமைத்த வேட்டை ஆணையம் கெடுபிடி செய்து காப்பாற்றியது. பிறகு மான் பெருகியது. அடித்துத் தின்ன ஓநாய் இல்லாததால் ஒரேயடியாகப் பெருகியது. காட்டில் முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிட்டால் நாளைக்குக் காடு ஏது? ஆகவே, அங்கே வேட்டை என்பது கணக்குப் போட்டு நடத்தப்படுகிற காரியம். லைசென்ஸ் பணம் அந்த ஆணையத்துக்குப் போகிறது. 1937இல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி போட்டு, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் தருகிறார்கள்.

இதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் ஓர் அரசாங்கம் 'இந்த ஆயுதத்தால் கொல்' என்று அனுமதிச் சீட்டுக் கொடுத்தால், அந்தக் கொலை சுத்தமாக நடக்கிறதா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அதைத்தான் கேட்கிறேன்.

இந்தச் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே அங்கே தனி சீசன் இருக்கிறது. 1974இல் ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கி ஜனவரி வரை போகும். காரணம் வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்து லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய கொல்லர்கள் உருவாக்கியதுதான் அந்த ஒல்லியான நீளத் துப்பாக்கி. உலகம் அதைக் 'கென்டக்கி ரைஃபிள்' என்று கூப்பிடுகிறது. செய்தது என்னவோ பென்சில்வேனியாவில். பேர் மட்டும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது என்ற வருத்தம் அவர்களுக்கு இன்னும் உண்டு.

இன்னொரு காரணம், நியாயமான போட்டி. ஒரு தடவை தவறினால் மறுபடி மருந்து கெட்டிக்க முக்கால் நிமிஷமாவது ஆகும். தூரத்திலிருந்து அடிக்க முடியாது. மழை, பனி, ஈரம் எல்லாம் எதிரி. அதனால் மானுக்குத் தப்பிக்க வாய்ப்பு அதிகம். இந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வலுத்தவன் தன் கையை ஒன்றைத் தானே கட்டிக்கொள்வது உலகத்தில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

மற்ற மாநிலங்கள் பலவற்றில் இந்த நினைப்பு என்ன ஆயிற்று தெரியுமா? 'வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி' என்று மட்டும் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 1985இல் மிசௌரியில் டோனி நைட் என்பவர், வாய் வழியாகக் கெட்டிக்கிற, மற்றபடி நவீன ரைஃபிள் போலவே இருக்கிற 'இன்லைன்' துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய்க்கு நேர் பின்னாலிருந்து நெருப்பு. தொலைநோக்கி மாட்டிக்கொள்ளலாம். பிறகு மருந்து மாத்திரை வந்தது, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு வந்தது. இன்று நல்ல இன்லைன் ஒன்றால் இருநூறு கெஜத்தில் மானை அடிக்கிறார்கள். 'ஆதி கால வேட்டை' என்று போர்டு மாட்டி உள்ளே ஏசி போட்ட கதை.

பென்சில்வேனியா மட்டும் பிடிவாதமாக நின்றது. அக்டோபரில் ஒரு வாரம் இன்லைன்காரர்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் கிறிஸ்துமஸ் சீசனில் கல்தான் என்றது. 1800க்கு முந்தைய துப்பாக்கி, அல்லது அதன் மறுபதிப்பு. குழாய்வாய் 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தொலைநோக்கி கூடாது. கல் எஃகில் உரசிப் பொறி வர வேண்டும். சபாஷ் என்று கை தட்டலாம்.

தட்டிவிட்டுக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நெருப்பு எப்படி வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நெருப்பு ஒழுங்காக வருகிறதா என்று கேட்கவில்லை. குண்டு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. அது உருண்டையா, நூறு கெஜத்துக்கு அப்பால் அடிப்பதற்கென்றே செய்த நீள் குண்டா என்று பார்க்கவில்லை. துப்பாக்கியின் தோற்றத்தைப் பார்க்கிறது. தூக்குகிறவன் எத்தனை கெஜத்தில் எதை அடிப்பான் என்று பார்க்கவில்லை. கல்லைக் கண்டது, மானைக் காணவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் துப்பாக்கியை வாங்கி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய கடை ஒன்றில் வாங்கினார். மரம் அழகாக இருந்தது, பித்தளை மின்னியது, விலை கட்டுப்படியானது. வாங்கிவிட்டார். அமெரிக்க மத்தியச் சட்டம் இதையெல்லாம் 'பழம்பொருள்' கணக்கில் வைத்திருக்கிறது. சாதாரணத் துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் போலீஸ் சரிபார்ப்புகூட இதற்கு இல்லை. தபாலிலேயே வரவழைக்கலாம். மேஜையில் சாய்த்துவைத்து நாலு முறை சுட்டுப் பார்த்திருந்தார். அதில் ஒன்று பற்றவே இல்லை. "அது அப்படித்தான் இருக்கும்னு கடைக்காரர் சொன்னார்" என்றார்.

இந்த 'அப்படித்தான் இருக்கும்' என்பதுதான் எனக்கு ஆத்திரம். சிக்கிமுக்கித் துப்பாக்கி என்றாலே மூன்றுக்கு ஒன்று பற்றாது என்று ஒரு மூடநம்பிக்கை. அதை வைத்துப் பிழைக்கிறது ஒரு வியாபாரம். இருநூறு வருஷத்துக்கு முன்பு இந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவன், பற்றாவிட்டால் அன்றைக்குப் பட்டினி. அவன் இப்படிப்பட்ட துப்பாக்கியைக் கொல்லர் தலையில் தூக்கி அடித்திருப்பான்.

மான் போன மறுவாரம், அந்த ஊர் மருந்துத் துப்பாக்கிக் கழகத்தின் பழம்பெருச்சாளி ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் அதைக் கார் ஷெட்டில் வைத்துப் பிரித்து மேய்ந்தார். எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பாடம். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வாங்கும்போது மரத்தைப் பார்க்காதே, பூட்டைப் பார் என்றார் முதலில். பூட்டு என்றால் குதிரையும் தகடும் வில்லும் சேர்ந்த அந்த இயந்திரம். மருந்து போடாத துப்பாக்கியை இருட்டு மூலைக்குக் கொண்டுபோய்க் குதிரையைத் தட்டிவிட வேண்டும். வெள்ளையாக, கொத்தாகப் பொறி பறந்து கிண்ணத்துக்குள் விழ வேண்டும். சிவப்பாக நாலு பொறி வந்து வெளியே சிதறினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் புடவையைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரிதான் நம் ஆள் துப்பாக்கி வாங்கியிருந்தார்.

இரண்டாவது, குழாயின் உள்ளே இருக்கிற திருகுச்சுற்று. துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுற்று வேண்டும். 66 அங்குலமோ 70 அங்குலமோ போனால் ஒரு முழுச் சுற்று. நீள் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இரண்டுக்கும் நடுவில் 48 என்று ஒரு சமரசமும் உண்டு. எந்தக் குண்டு என்று தீர்மானிக்காமல் குழாயை வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது.

மூன்றாவது, குழாய்வாயின் அளவு. சட்டப்படி 0.45 போதும். அதன் உருண்டை சுமார் 8 கிராம். 0.50 உருண்டை பதினொன்றரை கிராம், 0.54 பதினாலரை கிராம். உருண்டை ஈயம் காற்றில் சீக்கிரம் களைத்துப்போகும். நூறு கெஜம் போவதற்குள் ஏறக்குறைய 40 சதவீத வேகம் போய்விடும். வேகம் அவ்வளவு போனால் அடிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காலி. ஆகவே மானுக்கு 0.50, முடிந்தால் 0.54, அதுவும் கிட்டத்தில். இதுதான் பெரியவர் கணக்கு.

பிறகு, எங்கள் துப்பாக்கியின் ஜாதகம். கல், இயந்திரத்தில் அறுத்தது. உடைத்துச் செதுக்கிய கல்லின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அறுத்த கல்லுக்கு அந்தக் கூர்மை வராது. இங்கிலாந்தில் பிராண்டன் என்ற ஊரின் கருங்கல்லும், பிரான்ஸின் தேன்நிறக் கல்லும் இதற்குப் பேர்போனவை. விலை ஒன்றும் பிரமாதமில்லை. அதை ஒரு தோல் துண்டில் சுற்றிக் குதிரையின் வாயில் இறுக்க வேண்டும். விளிம்பு முழுதும் தகட்டில் ஒரே நேரத்தில் படும்படி நேராக இருக்க வேண்டும். எங்கள் துப்பாக்கியில் கோணலாக ஒரு மூலை மட்டும் பட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து எஃகுத் தகடு. பெரியவர் அதன் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தார். அரம் கடித்தது. "மெத்து. இதுல எங்க பொறி வரும்?" என்றார். நல்ல தகட்டில் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரிச்சத்து ஏற்றிக் காய்ச்சித் தோய்த்தால் சரியாகிவிடும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் வைக்கிற அதே சங்கதி.

அடுத்து பற்றுவாய். அது கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான துளை, உள்பக்கம் புனல் போல அகன்றிருந்தால் பெரிய மருந்து வாசல்வரை வந்து நிற்கும். எங்களுடையதில் துளை தாழ்வாக இருந்தது. உள்ளே நேர்க்குழாய். அதோடு நம் ஆள் நிறைய போட்டால் நன்றாகப் பற்றும் என்று கிண்ணம் வழிய மருந்தைக் கொட்டி, துளையை அடைத்துவிட்டார். துளை திறந்திருந்தால் ஜுவாலை பாயும். அடைத்திருந்தால் மருந்து திரி மாதிரி நின்று எரியும். அந்த 'புஸ்ஸ்ஸ்' என்ற ஓசை அதுதான். அந்த ஓசையின் நீளத்தில்தான் துப்பாக்கி தாழ்ந்தது, மானின் வயிறு கிழிந்தது.

விசையோ கிணற்றுக் கயிறு மாதிரி இழுக்க வேண்டியிருந்தது. இழுக்கிற இழுப்பில் குறி அசையும். இரட்டை விசை வைத்த துப்பாக்கியில் ஒன்றைத் தயார் செய்துவைத்தால் மற்றது தொட்டாலே போதும். இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்து உராய்வைக் குறைக்க வேண்டும். பனிநாளில் பூட்டின் மேல் மெழுகு தேய்த்த தோல் மூடி ஒன்றைக் கட்ட வேண்டும். கிண்ணத்தில் இருக்கிற மருந்து ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். அதை அவ்வப்போது துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் போட்ட மருந்து பதினொரு மணிவரை அப்படியே இருந்தது.

நல்ல கல், தகட்டுக்குத் துவைச்சல், பற்றுவாய்க்குப் புனல் வைத்த புது உறை, விசை சீரமைப்பு. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நாள் வேலை. துப்பாக்கி விலையில் சிறு பங்கு. வெளியில் ஷெட் வாசலில் சுட்டுக் காட்டினார். விசை இழுத்ததும் டும். நடுவில் புஸ் இல்லை. இருபது முறை சுட்டதில் ஒன்றுகூடத் தவறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷப்படவில்லை. "ஒன்றரை மாசம் முன்னாடியே இதைச் செஞ்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இங்கே இரண்டு கோஷ்டிகளோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் கோஷ்டி, பழமை வழுவாத சிகாமணிகள். துப்பாக்கியை எதுவும் செய்யக் கூடாது, முன்னோர் எப்படிப் பிடித்தார்களோ அப்படியே பிடிக்க வேண்டும் என்பவர்கள். முன்னோர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அரம் போட்டவர்கள் ஐயா! பற்றுவாய்க்குத் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் உறை போட்டுப் பார்த்தவர்கள் அந்தக் காலத்து லண்டன் துப்பாக்கிக்காரர்கள். கிண்ணத்தில் எழும் வெளிச்சத்தைப் பார்த்துப் பறவைகள் தப்பிவிடுகின்றன என்று எரிச்சல்பட்ட ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், கல்லே வேண்டாம், தட்டினால் வெடிக்கும் ரசாயனம் போதும் என்று 1807இல் காப்புரிமை வாங்கினார். சிக்கிமுக்கியின் சாவுக்கு நாள் குறித்தவரே ஒரு வேட்டைக்காரப் பாதிரியார்தான். திருத்துவது பாவம் என்று எந்த முன்னோரும் சொல்லவில்லை. மெத்துத் தகட்டோடு காட்டுக்குப் போவதற்குப் பாரம்பரியம் என்று பேர் வைக்காதீர்கள். அது சோம்பேறித்தனம்.

இரண்டாவது கோஷ்டி இன்னும் ஆபத்து. திருத்தலாம் என்றால் எல்லாவற்றையும் திருத்தலாமே என்பவர்கள். கல் இருக்கிறதா, இருக்கிறது. சட்டம் திருப்தி. பிறகு 28 அங்குலச் சுற்றுக் குழாய், பிளாஸ்டிக் உறைக் குண்டு, இரட்டிப்பு மருந்து. 'இந்தச் சிக்கிமுக்கியால் நூற்றைம்பது கெஜம் அடிக்கலாம்' என்று மார்தட்டல். "நீள் குண்டு கனமானது, ஆழமா இறங்கும், மான் சீக்கிரம் சாகும். உனக்கு மான் மேல அக்கறைன்னா இதைத்தானே ஆதரிக்கணும்?" என்று என்னையே மடக்குகிறார்கள்.

நியாயமான கேள்வி. ஐம்பது கெஜத்தில் அந்தக் குண்டைப் போட்டால் நான் ஆதரிப்பேன். ஆனால் யாரும் ஐம்பது கெஜத்துக்காக அதை வாங்குவதில்லை. நூற்றைம்பதுக்காக வாங்குகிறார்கள். நூற்றைம்பது கெஜத்தில் பூட்டு ஒரு கணம் தாமதித்தாலும், மான் ஓர் அடி எடுத்துவைத்தாலும், குண்டு நுரையீரலுக்குப் பதில் வயிற்றில். நாலு மணி நேரம் ரத்தத்தைத் தொடர்ந்து நடந்தவன் சொல்கிறேன். இந்த விளையாட்டின் முதல் விதியே தூரத்தைச் சுருக்குவதுதான். அதை நீட்டுகிறவன் அந்தத் தனி சீசனுக்கு உரிமை கோரக் கூடாது. நவம்பர் கடைசியில் தொடங்கும் சாதாரண ரைஃபிள் சீசன் இருக்கிறது. அங்கே தாராளமாகப் போகலாம்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. அதே தூரத்தில் குண்டு இன்னும் நிச்சயமாகப் போய்ச் சேர உதவுகிற எந்தத் திருத்தமும் வேட்டைக்காரனின் கடமை. தூரத்தை நீட்டுகிற எந்தத் திருத்தமும் ஏமாற்று. கூர்மையான கல் கடமை. கெட்டியான தகடு கடமை. 67 வயதுக் கண்ணுக்கு ஒளிரும் முன்குறி வைப்பதும் என் கணக்கில் கடமைதான். சட்டம் அதை அனுமதிக்கிறது, நல்லது. பழமைவாதிகள் முகம் சுளிக்கட்டும். கண் தெரியாமல் சுடுவது எந்த நூற்றாண்டிலும் அறமில்லை.

சரி, யார் அளப்பது? காட்டுக்குள் ஒவ்வொருவர் பின்னாலும் கெஜக்கோலோடு ஓர் அதிகாரியை அனுப்ப முடியுமா? முடியாது. ஆனால் காட்டுக்குள் போவதற்கு முன்பு ஒரு பரீட்சை வைக்கலாம்.

பின்லாந்தில் வைக்கிறார்கள். மான், மூஸ், கரடி வேட்டைக்கு ரைஃபிளோடு போகிறவர் குறிபார்க்கும் தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். மூஸ் வடிவ அட்டை 75 மீட்டரில். நாலு தோட்டா. நாலும் 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். மூன்று வருஷம் செல்லுபடி. பிறகு மறுபடி எழுத வேண்டும். பென்சில்வேனியாவில் முதல்முறை லைசென்ஸ் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு வகுப்பு இருக்கிறது. நல்ல வகுப்புதான். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, பக்கத்தில் நிற்கிறவனைச் சுடாமல் இருப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். எதிரில் நிற்கிற மானைச் சரியாகச் சுடுவாயா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஆள் அந்த வகுப்பை முடித்து ஐம்பது வருஷம் ஆகிறது.

சிக்கிமுக்கி சீசனுக்கு மட்டுமாவது ஒரு சின்னத் தேர்வு வைக்கட்டும். ஐம்பது கெஜம். ஐந்து குண்டு. மேஜையில் சாய்க்காமல், காட்டில் நிற்கிற மாதிரி நின்று. சாப்பாட்டுத் தட்டு அகல வட்டம். ஐந்தும் முதல் தட்டிலேயே பற்ற வேண்டும். பற்றாவிட்டால் துப்பாக்கி ஃபெயில். வட்டத்துக்கு வெளியே போனால் ஆள் ஃபெயில். எங்கள் துப்பாக்கியும் ஆளும் அன்றைக்கு இரண்டுமே ஃபெயில் ஆகியிருப்பார்கள். ஒரு மான் பிழைத்திருக்கும், அல்லது வலி தெரியாமல் செத்திருக்கும்.

இதனால் லைசென்ஸ் விற்பனை குறையும், பணம் குறையும் என்பார்கள். கடைக்காரர்கள் கூச்சல் போடுவார்கள். போடட்டும். அப்போதுதான் பித்தளைக்குப் பதில் பூட்டில் காசைப் போடுவார்கள். பற்றாத துப்பாக்கியை அலமாரியில் வைத்துவிட்டு 'அது அப்படித்தான் இருக்கும்' என்று சொல்கிற வாய் அடங்கும்.

அடுத்த வருஷம் ஜனவரியில் அக்கா மகன் போன் பண்ணினான். பேச்சுவாக்கில், "மாமா, பக்கத்து வீட்டுத் தாத்தா இந்த வருஷமும் போனாரு" என்றான்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல. எழுபது கெஜத்துல ஒண்ணு நின்னுச்சாம். துப்பாக்கி பக்காவா இருக்கு, சுட்டிருக்கலாமேன்னு கேட்டேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும்னு உட்கார்ந்திருந்தாராம். அது வரலையாம். திரும்பி வந்துட்டாரு."

அந்தத் தாத்தாவுக்குத் தெரிந்தது ஆணையத்துக்கும் தெரிய வேண்டும். அதற்கு இன்னும் எத்தனை மான் வேண்டும்?